இரண்டு தொன்னை பக்தி

பிரமநாயகத்துக்குச் சாமி மேல் எவ்வளவு பக்தி என்று மடத்தில் யாரைக் கேட்டாலும், இரண்டு தொன்னை என்று சொல்லிவிடுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலைப் பூசை முடிந்து மணி அடித்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்று சர்க்கரைப் பொங்கல் ஒரு தொன்னை வாங்குவார். தூண் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். பிறகு வரிசை முடிகிற நேரம் பார்த்து, குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவர் மாதிரி திரும்பி வந்து இன்னொரு தொன்னை வாங்குவார்.

மடம் தாமிரபரணிக் கரையில் இருந்தது. பெரிய மடம் இல்லை. ஒரு அம்மன் சன்னிதி, ஒரு கூடம், பின்னால் மடப்பள்ளி, அதை ஒட்டி ஒரு கிணறு. அதை நடத்தியவர் உமையம்மை. வயதில் பிரமநாயகத்துக்கு மகள் மாதிரி இருப்பார். பிரமநாயகம் ஓய்வு பெற்ற பிறகு நாலைந்து மடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இவர் காலில்தான் விழுந்தார். "பேச்சு கம்மி, பொங்கல் நல்லா இருக்கு" என்று கூட்டாளி ஒருவரிடம் காரணம் சொன்னதாகக் கேள்வி.

அவர் உமையம்மையை அம்மா என்பார். உமையம்மை அவரை அண்ணாச்சி என்பார். சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற குரு வேறு எங்கேயாவது உண்டா, தெரியாது. அந்த ஊரில் அதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

பிரமநாயகம் அரசு பஸ் ஓட்டியவர். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அவருக்கு. இனிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கால் எங்கே போகுமோ. அவருக்குச் சுகர் வந்து வருஷக்கணக்காக ஆகிவிட்டது.

வீட்டில் அவர் மனைவி செண்பகம் சீனி டப்பாவையே ஒழித்துக்கட்டியிருந்தாள். காப்பியில் சீனி கிடையாது, அவருக்கும் சரி, அவளுக்கும் சரி. அவருக்கு இல்லாத சீனி எனக்கு எதுக்கு என்று அவளும் விட்டுவிட்டாள். கேப்பைக் களி, கொள்ளு, பாகற்காய், வெந்தயக் குழம்பு என்று யார் என்ன சொன்னாலும் கேட்டு வந்து செய்வாள். பிரமநாயகம் பாதி சாப்பிட்டுவிட்டு, போதும், பசியில்லை என்று எழுந்துகொள்வார். பசி எப்படி இருக்கும், வயிற்றில்தான் இரண்டு தொன்னை இருக்கிறதே. மீதிக் களியை அவள் பார்க்காத நேரம் தெருநாய்க்கு வைப்பார். காப்பியைக் கொல்லைச் செம்பருத்திக்கு ஊற்றுவார். அந்தத் தெருவிலேயே அந்தச் செம்பருத்திதான் செழிப்பாக இருந்தது.

முழங்கால் வலியால் செண்பகம் மடத்துக்கு அதிகம் வருவதில்லை. அங்கே ஒரு வாய் பிரசாதம் கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாய்தானே என்று இருந்துவிட்டாள்.

பிரமநாயகம் திருடித் தின்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பிரசாதத்துக்குச் சுகர் ஏறாது என்று அவர் மனசார நம்பினார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் யாராவது சுகர் இருக்கிறது என்று தயங்கினால் அவர்தான் தைரியம் சொல்வார்.

"பயப்படாம சாப்புடுங்க. சாமிக்குப் படைச்சது. அதுல சுகர் ஏறுனா சாமிக்குல்லா கெட்ட பேரு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதுச் செருப்பு அவர் வலது கால் கட்டைவிரலைக் கடித்தது. சின்னப் புண். ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று தேங்காய் எண்ணெய் தடவினார். ஆறவில்லை. மாதம் ஒன்று கழிந்தது. புண் ஓரம் கறுத்து, உள்ளே ஈரமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை ஒரு ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார்.

"சீனி சாப்பிடுறீங்களா?"

"வீட்டுல சீனி டப்பாவே கிடையாது டாக்டர்."

பக்கத்தில் இருந்த செண்பகம் தலையை ஆட்டினாள்.

"அப்ப வேற எங்கேயோ வருது," என்றார் டாக்டர். "ரத்தத்துல சக்கரை இப்படி இருந்தா புண் ஆறாது. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும். விரலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"கேப்பைக் களியில வருமோ டாக்டர்?" என்று கேட்டாள் செண்பகம்.

வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என் சமையல்லதான் ஏதோ தப்பு. நான் போடுற சாப்பாடு உங்க உடம்புக்கு ஆகல. என் கையே சரியில்ல."

பிரமநாயகம் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. பிரசாதத்திலும் சுகர் ஏறுமோ என்ற சந்தேகம் அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு வந்தது. வந்த உடனே அதை விரட்டவும் பார்த்தார். அது போகவில்லை. காலுக்குப் பயம் ஒரு பக்கம், பொங்கலுக்குப் பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அன்றைக்கு அவரால் சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் மடத்துக்குப் போனார். உமையம்மை சன்னிதி வாசலில் உட்கார்ந்து அரளிப் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா பாவமா?"

உமையம்மை நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"பாவம்தான்."

பிரமநாயகத்துக்கு உயிர் வந்தது. கேட்டதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வண்டி ஓட்டின காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம், வழி சரிதானா என்று இரண்டு பேரிடமாவது கேட்பார். இங்கே இருந்தது ஒரே ஆள். அதனால் அவரிடமே மறுபடியும் கேட்டார்.

"டாக்டர் சொன்னாக்கூடவா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் சொன்னார். விரலை எடுப்பதைப் பற்றியும் சொன்னார். செண்பகம் அழுததை மட்டும் சொல்லவில்லை.

உமையம்மை பூவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"வலிக்கா?"

"வலியே தெரியலம்மா. ஊசியால குத்துனாரு, அதுவும் தெரியல. அதான் பயமா இருக்கு."

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"வீட்டுல நல்லா சாப்புடுதீங்களா?"

"எங்கம்மா. பாதியிலயே போதும்னு ஆயிருது."

"மதினி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"என்ன சொல்லுவா. இன்னொரு தினுசா செஞ்சு பாப்பா."

உமையம்மை மறுபடியும் பூவை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில பூசைக்கு வாங்க அண்ணாச்சி."

"நான் வராத நாளு உண்டாம்மா?"

"நாளைக்கும் வாங்க."

மறுநாள் பிரமநாயகம் மடத்துக்குள் நுழையும்போதே மூக்கு எதையோ தேடியது. நெய் வாசனை இல்லை. வறுத்த முந்திரி வாசனை இல்லை. மடப்பள்ளியில் அம்மி அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தேங்காய்த் துவையலாக இருக்கும், புளியோதரைக்குத் தொட்டுக்கொள்ள என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பூசை முடிந்து மணி அடித்தது. அன்றைக்கு உமையம்மையே பாத்திரத்தோடு வந்து நின்றார். முதல் ஆளாக நின்ற பிரமநாயகத்தின் கையில் தொன்னையை வைத்தார். தொன்னை நிறையப் பச்சையாக ஏதோ இருந்தது. வேப்பங்கொழுந்தை மஞ்சளோடு வைத்து மையாக அரைத்த விழுது. உப்புக்கூட இல்லை.

"அம்மனுக்கு உகந்தது அண்ணாச்சி," என்றார் உமையம்மை. "எடுத்துக்கோங்க."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரமநாயகம் தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்தார். நாக்கில் படாமல் தொண்டைக்குள் அனுப்பிவிடலாம் என்று பார்த்தார். அது நடக்கிற காரியமா. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தொன்னையை மெதுவாகத் தூண் ஓரம் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்புளித்தார்.

செருப்பை மாட்டப் போகும்போது உமையம்மையின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இன்னொரு தொன்னை தரட்டுமா?"

"போதும்மா. மனசு நிறைஞ்சிருச்சு."

"ஒரு சிட்டிகைதான எடுத்தீங்க."

"பிரசாதத்துல அளவு என்னம்மா இருக்கு," என்றார் பிரமநாயகம். கூடத்தில் நாலு பேர் இருந்ததால் குரலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். "ஒரு சிட்டிகைன்னாலும் அருள் அருள்தான். ஒரு அண்டாவைக் கொண்டாந்து வச்சாலும் அதே அருள்தான். நாம பக்தியோட கண்ணுல ஒத்தி வாயில போட்டாப் போதும்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்படியா அண்ணாச்சி," என்றார் உமையம்மை.

"அப்படித்தானம்மா."

உமையம்மை அதைப் புதிதாகத் தெரிந்துகொண்டவர் மாதிரி நின்று யோசித்துவிட்டு உள்ளே போனார். குருவுக்கே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்துவிட்ட திருப்தியில் பிரமநாயகம் வீட்டுக்கு நடந்தார். வாயில் கசப்பு மட்டும் மத்தியானம் வரை போகவில்லை.

அதற்கு மறுநாள் தெருமுனையிலேயே நெய் வாசனை வந்துவிட்டது. பிரமநாயகம் எட்டி நடந்தார். புண் இருக்கிற கால் என்பது அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

அன்றைக்கும் உமையம்மைதான் பாத்திரத்தோடு நின்றார். சர்க்கரைப் பொங்கல். முந்திரி மேலாகத் தெரிந்தது. தொன்னை நிறைய வைத்து, அதற்கு மேலும் ஒரு கரண்டி வைத்து, பிரமநாயகத்தின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகு பாத்திரத்தை இன்னொருவரிடம் தந்துவிட்டு, அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சாப்புடுங்க அண்ணாச்சி."

பிரமநாயகம் தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல்களைப் பொங்கலுக்குள் விட்டார். சூடாக, குழைவாக இருந்தது. ஒரு கவளத்துக்கு அள்ளியும் விட்டார். அப்புறம் கை வாய்க்கு வரவில்லை.

எதிரில் உமையம்மை சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேத்து நான் சொன்னது..."

"நல்லா சொன்னீங்க அண்ணாச்சி. நேத்துலருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"அது வேப்பிலைம்மா."

"இது?"

அள்ளிய கவளம் விரலுக்கிடையில் ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்ட ஆளுக்கு வருகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனை வருஷம் தான் எதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது.

கவளத்தைத் திரும்பத் தொன்னையில் வைத்தார். விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டார்.

"மிச்சத்தை என்ன செய்யம்மா?"

"மடப்பள்ளித் தொட்டியில போடுங்க, மாடு தின்னும். போயி கையைக் கழுவிக்கோங்க அண்ணாச்சி."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகத்தான் இருக்கும். அடுத்து வந்த நாட்கள் பிரமநாயகத்துக்கு நன்றாகவே இல்லை. காலையில் தலை வலித்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. பால்காரனிடம் சண்டை போட்டார். பூசையில் கண்ணை மூடினால் அம்மன் வரவில்லை, அண்டாதான் வந்தது. இரண்டு தடவை வேண்டுமென்றே மடத்துக்குத் தாமதமாகப் போனார், தொன்னைகள் எல்லாம் தீர்ந்த பிறகு. ஒரு தடவை ஒரு சிட்டிகை நாலு சிட்டிகையாகிவிட்டது. அதை உமையம்மை பார்த்தார்.

ஆனால் வீட்டில் பசித்தது. நியாயமான பசி. செண்பகம் வைத்த களியை முழுதும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தெருநாய் ஒன்றிரண்டு நாள் வந்து வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேறு வீடு தேடிப் போனது.

வாரங்கள் போகப் போக, தாகம் குறைந்தது. ராத்திரி எழுந்து எழுந்து கொல்லைக்குப் போவது நின்றது. சாப்பிட்ட உடனே கண்ணைச் சுற்றிக்கொண்டு வருகிற தூக்கம் வரவில்லை. விரல் மரத்திருந்தாலும் உள்ளங்காலில் நெருப்பாக இருந்த எரிச்சல் தணிந்தது. ஒரு நாள் செண்பகம் கேரட்டைத் துருவி வைத்திருந்தாள். அதில் வெல்லம் போட்டாயா என்று அவர் கேட்டார். இல்லையே என்றாள் அவள். இன்னொரு நாள் சீனி போடாத காப்பியில் பாலின் தித்திப்பு அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு செம்பருத்திக்கு வெறும் தண்ணீர்தான்.

விரலும் காய ஆரம்பித்தது. ஓரத்தில் இருந்த கறுப்பு உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. ஒரு நாள் காலையில் வாளி இடித்தபோது விரல் வலித்தது. பிரமநாயகம் வலியில் முகத்தைச் சுளித்துவிட்டு, வலிக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"விரலுக்கு இனி பயம் இல்லை. இப்படியே இருங்க. என்ன மாத்துனீங்க?"

பிரமநாயகம் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் சொன்னாள்.

"வெந்தயத்தை முளைகட்டிப் போட்டேன் டாக்டர். முன்னால சும்மா ஊற வச்சுத்தான் போட்டேன். தப்பு என் மேலதான்."

சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்துகள் தொங்கின. பிரமநாயகம் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை எல்லாவற்றையும் படித்தார்.

அன்று மடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். உமையம்மை மனசு நிறையச் சிரித்தார். அவர் காலை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"மதினி என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு ரொம்ப சந்தோசம். வெந்தயத்தாலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தம்மா சொல்ல. நடந்தது நடந்து போச்சு. காலு தப்பிருச்சு. இனிமே அதைப் போய்ச் சொல்லி அவ மனசை எதுக்கு நோகடிக்கணும்?"

உமையம்மை சன்னிதி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். ஏதாவது சொல்வார் என்று பிரமநாயகம் கொஞ்ச நேரம் நின்றார். மழை வருகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மடத்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. செண்பகம் இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பின் சீட்டிலிருந்து ஒரு பெரிய பித்தளைத் தூக்கை இறக்கினாள். அதைக் கண்டதும் பிரமநாயகத்துக்கு என்னமோ போலிருந்தது.

"என்ன செண்பகம் இது?"

"உங்க காலு ஆறிட்டா அம்மனுக்குப் பொங்கல் வைக்கேன்னு நேர்ந்திருந்தேன். உங்ககிட்டச் சொல்லல."

தூக்கைத் திறந்தாள். சர்க்கரைப் பொங்கல். வீட்டில் நெய் வாங்கியே எத்தனையோ காலம் ஆயிற்று, எங்கே போய் வாங்கினாளோ. உமையம்மை அதை வாங்கி அம்மன் முன்னால் வைத்துப் பூசை செய்தார். மணி அடித்தது.

செண்பகமே தொன்னையில் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். கொடுக்கும்போது பக்கத்தில் நின்ற பெண்களிடம் பேசிக்கொண்டே கொடுத்தாள்.

"நான்தான் இத்தனை நாளா ஒழுங்கா செய்யல. ஒரு வெந்தயத்தை எப்படிப் போடணும்னு தெரியாம இந்த மனுசன் காலுக்கு வந்திருச்சு. கையாலாகாதவ கையில சிக்கிக்கிட்டாரு. அம்மன்தான் கண்ணத் திறந்தா."

ஒவ்வொரு தொன்னைக்கும் ஒரு தடவை இதைச் சொன்னாள். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் பிரமநாயகத்தால் தாங்க முடியவில்லை.

கடைசியாக அவரிடம் வந்தாள். தொன்னை நிறைய வைத்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளு சாப்புடுங்க. நேர்ச்சைப் பிரசாதம், ஒண்ணும் செய்யாது."

பிரமநாயகம் தொன்னையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். தொன்னையை அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

செண்பகத்தின் முகம் வாடியது.

"இதுலயும் நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம், அன்றைக்கு நகர்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்க்கவும் செய்தார்.

"வெந்தயத்தால இல்ல செண்பகம்," என்றார்.

"பின்ன?"

"நான் இங்க தினமும் ரெண்டு தொன்னை சாப்புட்டுக்கிட்டிருந்தேன். வருசக்கணக்கா. சுகரு அதுலதான் ஏறுச்சு. அதை விட்டேன், இறங்கிருச்சு. நீ வச்ச களியைப் பாதி நாயிக்கு வச்சேன். காப்பியைச் செம்பருத்திக்கு ஊத்துனேன்."

பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். செண்பகம் கையில் இருந்த தொன்னையைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப என் சமையல்ல தப்பு இல்லையா?"

"இல்ல."

"ஒரு நாளும் இல்லையா?"

"ஒரு நாளும் இல்ல."

அவள் சன்னிதிப் படியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று அவர் நினைத்தார். அழவில்லை.

"ஆட்டோவுல வச்சு அழுதேனே," என்றாள். "அப்பச் சொல்லியிருக்கலாமே."

பிரமநாயகம் அவள் பக்கத்தில் உட்காரலாமா என்று பார்த்தார், கால் வரவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உமையம்மை பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது எனக்காக நேர்ந்து வச்ச பொங்கல். அதை ஒரு சிட்டிகையோட திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்குப் பாவம் உண்டா?"

"இந்தப் பொங்கலுக்கு இல்ல அண்ணாச்சி," என்றார் உமையம்மை. "மதினி போட்ட களிக்கு உண்டு."